பத்துக்கு எத்தனை

வில்லியம் அவென்யூ மருத்துவமனையில்
நாலு பக்கப் படிவம் ஒன்று தந்தார்கள்.
ஆராய்ச்சிக்காம். விரும்பினால் நிரப்பலாம்.
விரும்பினோம், வேறென்ன செய்ய,
பெயர் கூப்பிட இன்னும் ஒரு மணித்தியாலம்.

புகை? விட்டுப் பதினொரு வருடம்.
குடி? கலியாண வீடுகளில்,
அதுவும் கார் ஓட்ட நான் இருந்தால்.
நித்திரை?
இங்கே பேனை நின்றது.
ரெஜைனா ஓட்டமென்றால் நாலு மணி.
தண்டர் பே ஓட்டத்தில்
லொறிக்குள் எழும்பி எழும்பி மூன்று.
ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.
பதினான்கு வருடத்தை அதற்குள் மடித்து வைத்தேன்.

கைபேசி எந்தக் காதில்?
வலது என்றான்.
கட்டி இடது பக்கம்.

இதைப் போன கிழமை குகதாசன் அண்ணருக்குச் சொன்னபோது
தேத்தண்ணியை ஊதியபடி யோசித்தார்.
"அலை குறுக்காலையும் போகும், தங்கச்சி."
அவருடைய மனைவி மைக்ரோவேவ் என்றா.
கோயில் ஐயர் ஏழரை என்றார்.
தொலைபேசியில் மச்சாள்,
"யோசிச்சு யோசிச்சுத்தான் வந்திருக்கும்" என்றாள்,
எதை யோசித்து என்று சொல்லாமல்.
வருத்தம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும்
வாழைப்பழத்தோடு ஒரு காரணமும் கொண்டுவந்தார்கள்.
மறுக்க முடியுமா, வாங்கி வைத்தேன்.
பழங்கள் கறுத்தன.

பதினாறாம் கேள்வி.
கடந்த ஐந்து வருடங்களில் மன அழுத்தம்,
பத்துக்கு எத்தனை?

வீட்டுக்கடன் வட்டி ஏறிய வருடத்தை நினைத்தேன்.
பனிப்புயலில் நெடுஞ்சாலை மூட
விடியும்வரை எஞ்சினை அணைக்காமல்
அவன் தனியே கிடந்த இரவை.
பிறகு அந்தத் தை மாதத்தை.
தம்பிக்கு அவன் அனுப்பிய நாலாயிரம் டொலர்.
ஒன்பது நாள் நான் அவனோடு கதைக்கவில்லை.
சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.
அவன் கோப்பை கழுவும் சத்தம் கேட்கும்.
தண்ணீர் ஓடும். நிற்கும்.
அந்த ஒன்பது நாளை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எட்டிப் பார்த்து "மூன்று" என்றான்.
"மூன்றா?"
"மூன்று போடு. கூடப் போட்டால்
பிறகு இன்னும்... இன்னும் அதுகள் வரும்."
கேள்வி என்ற சொல் அவனுக்கு அகப்படவில்லை.

டாக்டர் ஓலெக்சுக் திரையைத் திருப்பிக் காட்டினா.
நெற்றிப்பொட்டுக்கு உள்ளே வெள்ளையாக,
பாலில் கரையாமல் நின்ற மா.
கேட்டேவிட்டேன், என்னுடைய ஆங்கிலத்தில்,
ஒன்பது நாளையும் சேர்த்து.
அவ பேனையை மூடினா.
"தெரியாது. நித்திரைக் குறைவு இதயத்துக்குக் கூடாது,
அது தெரியும்.
இது ஏன் வருகிறதென்று தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.
ஆனால் ஒரு சண்டையிலிருந்து இது முளைத்ததாக
நான் எங்கேயும் வாசிக்கவில்லை."

நிம்மதி வருமென்று நினைத்திருந்தேன்.
வந்தது கோபம்.
என் பிழையென்று இருந்தவரை
பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டினேன்.
அவன் பழக்கத்தில் சாரதிப் பக்கம் போய்
கதவில் கைவைத்து நின்று
பிறகு சுற்றிக்கொண்டு வந்தான்.

இரவு பத்துக்கே படுத்தோம்,
இருவரும் ஒரே நேரத்தில்.
கடைசியாக எப்போது இப்படி, நினைவில்லை.
"மழையை நிறுத்து" என்றான்.
ஐப்பசிக்குப் பிறகு இங்கே மழை இல்லை.

எழும்பிப் போய்
விளக்கை அணைத்தேன்.