மீன்நெய் படிந்த மனு

அவர்களுடைய வரைபடத்தில் எங்கள் ஏரிக்கு
நீலம் இல்லை.
பதினோராம் கட்டம் என்றொரு பெயர்,
அதன்மேல் யாரோ காப்பிக் கோப்பை வைத்த கறை.
நீர்யானைகள் குட்டியோடு கரையேறும் மணல்திட்டு
அந்தக் கறை வட்டத்துக்குள் அகப்பட்டிருந்தது.

நான் படகு மோட்டார் பழுதுபார்ப்பவன்.
கொங்கோவின் இந்தக் கிழக்கு மூலையில்,
காவல்காட்டுக்கு நடுவே இருக்கும் மீன்துறையில்,
எந்த எஞ்சினின் இருமலும் எனக்குத் தெரியும்.
மனுவோடு படகு படகாக ஏறி இறங்கும் வேலை
அதனால்தான் என்னிடம் வந்தது.
பேச்சுத் திறமைக்காக அல்ல;
எனக்குத் திக்குவாய்.

முதல் நாளே மும்பேரே கேட்டான்:
"ஏரிக்கு அடியில் எண்ணெய் எடுக்கக்கூடாது என்கிறாய்,
உன் எஞ்சின் என்ன
தண்ணீர் குடித்தா ஓடுகிறது?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பதில் தேடிப் போன நாக்கு
முதல் எழுத்திலேயே உட்கார்ந்துவிட்டது.
அன்று துடுப்புப் போட்டுத்தான் வீடு திரும்பினேன்.
கொள்கை ஒன்றுமில்லை,
கேன் காலி.

கபுகோ தன் வலையைக் காட்டினாள்.
வலையை அல்ல, வலை எரிந்த இடத்தை.
"கண்ணி சிறியது என்று
காட்டுக் காவலர்கள் கொளுத்தினார்கள்.
இன்று துளைபோட வருகிறவனுக்கு
எந்தக் கண்ணி அளவு?
அவர்கள் காட்டுக்காக
நான் ஏன் கைநாட்டு வைக்க வேண்டும்?"
தாளை மடித்துக்கொண்டு இறங்கினேன்.

நிறுவனத்தார் வந்தார்கள்.
கொசுவலை, தொப்பி, முத்திரை பதித்த இருபது பந்துகள்.
வேலை வரும், சாலை வரும் என்றார்கள்.
வரும்தான்.
நெய் வேண்டித் தாழியைத் துளைக்கிறவர்களிடம்
எப்படிச் சொல்வது,
தாழிக்குள் இருப்பது நாங்கள் என்று?
ஒரு பந்து உருண்டு நீரில் விழுந்தது.
கிழட்டு நீர்யானை ஒன்று வாய் திறந்து
மெதுவாக மூடியது.
அந்த வெடிச்சத்தம்தான்
அன்றைய கூட்டத்தில் எங்கள் தரப்புப் பேச்சு.

மறுநாள் கபுகோ தானாகவே வந்தாள்.
"ஏரிக்காக என்று எழுது. காட்டுக்காக இல்லை.
தனியாக எழுது."
ஓரத்தில் இடம் பண்ணி எழுதினேன்.
அவளுக்குப் பின்னால் புகைக்கூடமே வந்தது.
திலாப்பியாவைப் பிளந்து, தேய்த்து, புகையில் அடுக்கிய விரல்கள்;
மை ஒட்டாமல் வழுக்கியது.
துடைத்து அழுத்தினாலும்
ஒவ்வொரு ரேகையைச் சுற்றியும்
தாள் கண்ணாடிபோல் ஆனது.

மாவட்ட அலுவலகம் திருப்பி அனுப்பியது:
"ரேகை தெளிவில்லை. எண்ணூற்றுப் பதினாறும் செல்லாது.
காகிதத்தில் எண்ணெய்."
அது மீன்நெய் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
எழுத்தர் மதிய உணவுக்கு எழுந்துவிட்டார்.

"தாள் செல்லாது, சரி.
விரல் செல்லுமா?" என்றாள் கபுகோ.

வியாழக்கிழமை மீன்லாரியில்
மீனுக்குப் பதில் அவர்கள் ஏறினார்கள்.
அடுத்த வாரமும் ஒரு லாரி, அதற்குப் பின்னால் இன்னொன்று.
மும்பேரே டீசலுக்குப் பணம் கொடுத்தான்,
கேலியை நிறுத்தாமலேயே.
வழியில், சீருடை இல்லாமல்,
ஒரு காட்டுக் காவலன் கைகாட்டி ஏறினான்.
வலையைக் கொளுத்தியவன் இவன்தானா என்று
கபுகோ கேட்கவில்லை.
நகர்ந்தும் உட்காரவில்லை.
அவன் நின்றுகொண்டே வந்தான்.

அலுவலகத் தாழ்வாரம் முழுவதும் புகைமீன் வாசம்.
எழுத்தர் சன்னலைத் திறந்தார்,
விசிறியைக் கூட்டினார்,
கடைசியில் எண்ணத் தொடங்கினார்.
நாற்பத்தேழில் ஒரு குழந்தை வீறிட்டது.
அறுபதில் என்னை இரண்டுமுறை எண்ணினார்,
நான் திருத்தவில்லை.
நூற்று மூன்றில் அவருக்குக் கணக்குத் தவறியது.

"முதலிலிருந்து" என்றாள் கபுகோ,
கட்டைவிரலை நீட்டியபடி.
"எங்களுக்கு அவசரமில்லை."