ஒன்றரை மணி, நாலு விநாடி

முருகன்குறிச்சி மண்டபத்துக் கல்யாணம்
இரண்டு கேமராவில், நாலு கார்டில்,
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலு படமாகக்
கடைக்கு வந்து சேர்ந்தது.
இரண்டும் ஒரே கம்பெனி.
இரண்டும் ஒன்றிலிருந்து எண்ணி, பத்தாயிரம் தொடுமுன்
திரும்பவும் ஒன்றுக்கு வருகிற சாதி.
ஒரே ஃபோல்டரில் போட்டால்
ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

"பேர மாத்தி வச்சிரு கனி,
காலைல ஆல்பத்துக்குப் போவணும்"
பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அண்ணாச்சி போனார்.
கையால் மாற்றினால் தைப்பூசம் வரை மாற்றலாம்.
கறுப்புத் திரையைத் திறந்தேன்.

ஒவ்வொரு படத்துக்குள்ளும்
படமில்லாத ஓர் இடம் உண்டு.
லென்சின் நீளம், பிளாஷ் அடித்ததா,
கேமராவை எந்தப் பக்கம் சாய்த்தார்கள்,
எந்த நொடி.
யார் அழுதார்கள் என்று அங்கே இருக்காது.

அந்த நொடியை எடு, அதையே பெயராக்கு.
ஆனால் எதையும் தொடாதே, முதலில்
என்ன செய்வாய் என்று மட்டும் சொல்.
சொன்னது,
ஜங்ஷனில் ஊர்ப்பேர் கூவுகிற கண்டக்டர் போல
மூச்சு விடாமல்.

எட்டு பதினொன்றுக்கு உலகநாதன் தாலி கட்டினார்.
எட்டரைக்கு மாப்பிள்ளையாக காரிலிருந்து இறங்கினார்.
இலை எடுத்த பிறகு பந்திக்கு ஆள் உட்கார்ந்தது.
ஒன்பது நாற்பத்தொன்றுக்கு
அதே பேராச்சிக்கு இன்னொரு தாலி.
சிரித்தேன். தனியாகத்தான் இருந்தேன்.

இரண்டாவது கேமரா, ஜெபசிங்
மேலப்பாளையம் மைதீன் பிச்சையிடம் பழசாக வாங்கியது.
அவர் சார்ஜாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
கேமராவின் கடிகாரம் இன்னும் வரவில்லை.

கணக்கு வேண்டும். தேடினேன்.
இரு கேமராவிலும் ஒரே அட்சதை,
பேராச்சியின் நெற்றிச்சுட்டிக்கு ஒரு விரல் மேலே,
விழாமல்.
கழித்துப் பார்த்தேன்: ஒன்றரை மணி, நாலு விநாடி.
நாலு விநாடி எந்த நாட்டு நேரம் என்று தெரியவில்லை.

அதைக் கூட்டு, இவனுடைய எல்லாப் படத்துக்கும்.
ஒரே நொடியில் பதினொரு தடவை ஜெபசிங் அழுத்தியிருந்தான்,
மூன்றாம் முடிச்சுக்கு.
ஒன்றின் பெயரை மற்றது மிதிக்காமல்
ஒவ்வொன்றுக்கும் வால் எழுத்து வை.
மறுபடி ஒத்திகை.

பட்டியலின் தலையில், கல்யாணத்துக்கு முன்,
மூன்று வருடத்துக்கு முன்,
ஒரு படம் நின்றது.
அடுக்குக் கட்டில். கம்பியில் காயும் பனியன்.
சுவரில் வட்டக் கடிகாரம்: நாலு இருபது.
கார்டோடு விற்றிருக்கிறார், பார்க்காமல்.

படத்துக்குள் எழுதியிருந்தது நாலு பத்து.
நான் கூட்டினால் ஐந்து நாற்பது.
ஆளில்லாத கட்டில் என்பதால்
எது பொய் என்று கேட்கவும் முடியாது.
அந்த ஒன்றைக் கட்டளையிலிருந்து விலக்கினேன்.
பேர் மாற்றாமல், நேரம் மாற்றாமல்
வேறு ஃபோல்டரில் வைத்தேன்.
பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்றை
ஓடவிட்டேன்.
தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.
உலகநாதன் ஒரே தடவை தாலி கட்டினார்.

காலையில் மைதீன் பிச்சைக்குப் படத்தை அனுப்பினேன்,
எது சரி அண்ணே, கேமராவா கடிகாரமா என்று கேட்டு.
மத்தியானம் குரல் வந்தது, பின்னால்
புரோட்டாக் கல்லில் யாரோ கொத்தும் சத்தத்தோடு:

"கேமராதாம்மா சரி.
ரூம் கடிகாரத்த நாங்கதான்
பத்து நிமிஷம் முந்தி வச்சிருந்தோம்.
கம்பெனி பஸ்ஸு நிக்காது."