லாரிக்கு அடுத்த படகு

ஏழு மணி மாத்திரை ஏழுக்கே போய்விடும்,
தண்ணீரோடு, வெறும் வயிற்றில், நான் பார்த்திருக்க.
எட்டுக்குள் உன் கால்கள் உன்னிடம் திரும்பிவிடும்.
சட்டைப் பொத்தான்களை நீயே போடுவாய்.
ஒன்பதுக்குத் துறைமுகம் வரை நடந்து போய்
கல்சோய்ப் படகு எத்தனை நிமிடம் தாமதமென்று
யாரும் கேட்காமலே வந்து சொல்வாய், ஹானுஸ்.
முப்பத்தொரு வருடம் அந்தப் படகுக்குக்
கார்களை வரிசைகட்டி ஏற்றியவன் ஆயிற்றே.

அன்று எட்டரை ஆகியும்
சமையலறை வாசலிலேயே நின்றாய்.
இந்தப் பக்கம் இரண்டு கால்.
அந்தப் பக்கம் போக வேண்டிய ஆள்.
தரையில் பசை ஏதும் கொட்டினாயா என்றாய்.
சிரிக்கப் பார்த்தாய்,
முகம் கூட வரவில்லை.

மூன்று வாரம் இதே கதை.
நோயைத் திட்டினேன்.
டிசம்பரைத் திட்டினேன், பகல் என்ற பெயரில்
எட்டிப்பார்த்துவிட்டு ஓடும் அந்த ஐந்து மணி நேரத்தை.
மாத்திரை காலாவதியோ என்று
டப்பாவைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தேன்.

பக்கத்திலேயே நின்றது மற்ற பாட்டில்.
கோபன்ஹேகனிலிருந்து எல்ஸ்பா அனுப்பியது.
மஞ்சள் மூடி. ஓடுகிற மனிதனின் படம்.
இரும்பு, பி ஆறு, இன்னும் என்னென்னவோ.
அப்பாவுக்குத் தெம்பு வரும் என்று
கூடவே ஒரு சீட்டு.
கொடுத்தது நான்தான்.
ஏழு மணிக்கு, இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்து,
பெரியது முதலில், சிறியது பிறகு.

மருந்துக்கடை ரன்வா ஒன்றுதான் கேட்டாள்:
"கூட என்ன சாப்பிடுகிறார்?"
இறைச்சியைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
அதைத்தான் இரவுக்குத் தள்ளியாயிற்றே என்றேன்.
காற்றில் தொங்கி வாடை ஏறிய ஆட்டுக்காலை
மதியத்தில் நீ எப்படிப் பார்ப்பாய் என்பதையும்
விடாமல் சொன்னேன்.
அவள் காத்திருந்தாள்.
கைப்பையிலிருந்து மஞ்சள் மூடியை எடுத்து வைத்தேன்.

இரும்பு, மருந்தின் கையைப் பிடித்துக்கொள்ளுமாம்.
வயிற்றிலேயே. சட்டென்று விடாதாம்.
இரண்டு மணி நேரமாவது தள்ளித்தான் கொடுக்க வேண்டுமாம்.
பி ஆறைப் பற்றி இன்னும் நிதானமாகப் பேசினாள்:
"இந்த மாத்திரைக்குள்ளேயே அதற்கு ஒரு காவல் இருக்கிறது.
அந்தக் காலத்துப் பயம் வேண்டாம்.
ஆனாலும் இவ்வளவு எதற்கு?
டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதற்கு?"
எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை.
காசு கொடுக்க எதுவுமில்லாமல்
பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடம் படகுக் கணக்கில் சொன்னேன்.
பத்து கார் ஏறும் படகில்
முதலில் இரும்பு லாரியை விட்டுவிட்டேன்,
உன் மருந்து கரையில் நின்றது, என்று.
ரொம்ப நேரம் யோசித்தாய்.
"லாரியை அடுத்த படகில் அனுப்பு" என்றாய்,
மன்னித்த மாதிரி இல்லை,
வேலை நேரத்துக் குரலில்.

ரத்தம் பார்த்ததில் லாரியே தேவையில்லை.
குறைந்திருந்தது பி பன்னிரண்டு,
அதை யாருமே அனுப்பவில்லை.
அதற்கு ஊசி போடுகிறார்கள்.

ஆனால் மாதாமாதம் மஞ்சள் மூடி வருகிறது.
"அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?"
ஞாயிறுதோறும் அதே கேள்வி.
ஆமாம், ஒன்றுகூட வீணாவதில்லை என்கிறேன்.
பொய் இல்லை.
பாத்திரம் கழுவிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு,
நான் விழுங்குகிறேன்.

நேற்று துறைமுகத்திலிருந்து வந்தாய்.
நான்கு நிமிடம் தாமதம் என்றாய்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்து
நகங்களை வெளிச்சத்துக்குத் திருப்பினாய்.
பிடித்த கை ஆடிக்கொண்டிருந்தது,
அதோடு என் கையும்.
"ஞாயிற்றுக்கிழமை போனை என்னிடம் கொடு.
தெம்பாக இருக்கிறதென்று நான் சொல்கிறேன்."

பதினொன்று ஆகப்போகிறது.
அடுத்த மாத்திரைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
வாசலைத் தாண்டி நீயே வந்தாய்.