வலது காது

அல்லைப்பிட்டியில் இருந்து குருநகர் ஐஸ் ஃபக்டரிக்கு
விடிய நாலே முக்காலுக்குச் சயிக்கிள் எடுக்கிறவன் நான்.
மார்கழி பிறந்தால் எனக்கு முதலில் செத்துப்போவது
கையில்லை, காலில்லை,
இடது காது.

பண்ணைத் தாம்போதியில் வாடைக்கு மறிப்பு ஒன்றும் கிடையாது.
இரண்டு பக்கமும் கடல்,
நடுவில் தார் ரோட்டு,
அதில் நான் ஒரு ஆள்,
காற்றுக்கு ஒரு வேலை.

ஒஸ்லோவில் இருந்து மச்சான் வீடியோவில் சிரிக்கிறான்:
"இருபத்திரண்டு பாகைக்குக் கம்பளித் தொப்பியோ?
இஞ்ச இண்டைக்கு மைனஸ் பதினாலு!"
உன்ர குளிர் பெரிசுதான், றெஜினோல்ட்.
அதுக்கு நீ ஹீற்றரும் மூண்டு சோடி காலுறையும் வச்சிருக்கிறாய்.
என்ர குளிர் சின்னது,
அரை அங்குல ஆணி மாதிரி.
ஒரே இடத்திலதான் இறங்கும்.

தொப்பி அவன் அனுப்பியதல்ல.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் நிலத்தில் குவித்து விற்ற
பழைய உடுப்புக்குள் கிண்டி எடுத்தது, இருநூறு ரூபாய்.
சாம்பல் நிறம். உச்சியில் பஞ்சுப் பந்து இருந்து விழுந்த தழும்பு.
உள்ளே, லேபலில், நீல மையால் யாரோ ஒருவரின் பெயர்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்.
இழுத்தால் கழுத்து வரைக்கும் வரும்.
கண்ணுக்கு மட்டும் ஒரு வெட்டு.

முதல் நாள் முழுசாய் இழுத்துவிட்டேன்.
என்ன சுகம்!
என் மூச்சே எனக்குப் போர்வை,
அதில் இரவு தின்ற நெத்தலிக் கருவாட்டின் மணம்.
ஊர்காவற்றுறை பஸ் பின்னால் வந்து ஹோன் அடித்ததாம்.
கேட்கவில்லை.
அதன் கண்ணாடி முழங்கையை உரசிப் போன பிறகுதான் தெரிந்தது:
காதை மூடினால்
முதுகுக்குக் கண் தெரியாது.

அந்த நடுக்கத்தோடு, அதே தொப்பியோடு,
யாகப்பர் கோயிலடித் தேத்தண்ணிக் கடையில் போய் இறங்கினேன்.
திரேஸ்மலர் ஆத்திக்கொண்டு நின்றாள்.
"ஒரு பிளேன்ரீ."
மேலே தூக்கிய கை மேலேயே நின்றது.
தேத்தண்ணி கோப்பையைத் தவறி
மேசையில் விழுந்து, விளிம்பால் வழிந்து,
அவள் காலடிக்கு வந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
வெட்டுக்குள் இருந்த இரண்டு கண்ணைப் பார்த்தாள்.

"கழட்டு."

கழற்றினேன்.
"நீயோ, யேசுராசன்."
துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.
"சீனி போடவோ?"
நான் தலையை ஆட்டப் போனேன்.
பாதியில் நிறுத்தினேன்.
"போடுங்கோ" என்றேன்,
வாயால்.

அவள் வீட்டில் யாரை, எந்த வரிசையில் இருந்து,
எந்தத் தலை ஆடி இறக்கியது என்று
நான் கேட்கவில்லை.
மிச்சக் காசு தந்தபோது
அவள் விரல் ஐஸ் கட்டியை விடக் குளிர்ந்திருந்தது.
ஐஸ் எனக்குத் தெரியும், பதினொரு வருடமாய்ச் சுமக்கிறேன்.

அன்று பின்னேரமே பிலோமினா கத்தரிக்கோல் எடுத்தாள்.
கண்வெட்டோடு சேர்த்துக் கீழே இருந்த முழுவதையும் நறுக்கினாள்.
நறுக்கினது சயிக்கிள் சீற்றுக்கு உறை.
மிஞ்சினது தொப்பி.
விளிம்பு இன்னும் இழை இழையாய்ப் பிரிகிறது,
தைத்துத் தா என்று சொல்லி மூன்று கிழமை.

இப்போது இடது பக்கம் கீழே இழுத்து,
வலது பக்கம் மேலே சுருட்டி,
கோணலாய்ப் போட்டுக்கொண்டு மிதிக்கிறேன்.
ஃபக்டரிப் பெடியங்கள் சிரிப்பாங்கள், சிரிக்கட்டும்.
இடது காது வீட்டில் படுத்திருக்கிறது.
வலது காது வேலைக்குப் போகிறது:
லொறி, மீன்வான், பின்சில்லில் உரசும் மட்கார்ட்,
எங்கோ இறால் வலைக்காரன் தண்ணீரில் தடியால் அடிப்பது,
பிறகு, வெகு தூரத்தில், பஸ்.

கோயிலடி வளைவுக்கு முன்னமே மணி அடிப்பேன்.
தொப்பியைக் கழற்றி ஹாண்டிலில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவேன்.
திரேஸ்மலர் இப்போது சீனி கேட்பதில்லை.
தானே போட்டுவிடுகிறாள்,
எனக்குத் தேவையானதை விடக் கொஞ்சம் கூட.