யாரும் தள்ளவில்லை

எழுபத்தோராவது நிமிசம்.
பந்து என்னைத் தாண்டி இடப்பக்கம் போனது.
நான் திரும்பினேன்;
கால் திரும்பவில்லை.
பாசையூர் மண்ணில் பூட்ஸ் ஊன்றினபடி நிற்க
முழங்காலுக்குள் ஒரு சத்தம்,
கதவுக் கொளுக்கி கழன்ற மாதிரி.
இருபத்திரண்டு பேரும் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.
மத்தியஸ்தர் விழுந்தால் விசில் ஊதுவது ஆர்?
அது என் வாயில்தான் இருந்தது.
ஊதவில்லை.
பந்து கோர்ணருக்குப் போன பிறகுதான்
ஒருத்தன் திரும்பிப் பார்த்தான்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்தார்கள்:
வைக்கல் நிறத்தில் இரண்டு சிரிஞ்ச் தண்ணி.
படத்தை வெளிச்சத்தில் பிடித்து டொக்டர் சொன்னார்,
"குருத்தெலும்பு தேஞ்சிருக்கு, ஓரம் கிழிஞ்சுமிருக்கு."
குருத்துத்தானே, வளராதா என்றேன்.
"பேரில மட்டும்தான் குருத்து.
அதுக்குள்ள ரத்தம் ஓடாது."

ஆரைக் குறை சொல்வதென்று தெரியாமல் வீடு வந்தேன்.
ஊருக்குத் தெரிந்திருந்தது.
மாசி மாதத்து அரையிறுதி,
நான் காட்டின சிவப்பு அட்டை,
அந்தப் பெடியனின் தாய்
கோட்டுக்கு வெளியே நின்று மண் அள்ளித் தூற்றினது.
மெற்றில்டாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
"உங்கட மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
சனம் உண்மையாவே முடிச்சுப் போட்டிட்டுது."

ஐஸ் மீன் சந்தையிலிருந்து வரும்,
விளைமீன் பெட்டியில் மிஞ்சினது,
உரப்பையில் சுற்றி.
பத்து நிமிசம் வை. பத்து நிமிசம் எடு.
இரண்டாம் கிழமை பக்கத்து வீட்டுப் பூனை வந்து
முழங்காலை நக்கிப் பார்த்தது.
மீனில்லை என்று கண்ட பிறகும்
கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

நாற்பத்தொன்றரை.
நாற்பத்தொன்று.
திரும்பவும் நாற்பத்தொன்றரை.
பிசியோ சுகிர்தா தையல் நாடாவால் அளந்து
மட்டையில் எழுதுவாள்.
சுகக்கால் முப்பத்தேழரை.
பந்து கோட்டைத் தாண்டினதா இல்லையா என்று
இதைவிடச் சின்ன இடைவெளியில்
தீர்ப்புச் சொன்னவன் நான்.
துவாயைச் சுருட்டிக் கீழே வை, அமத்து,
பத்து எண்ணு, விடு.
ஏறேக்க சுகக்கால் முன்னுக்கு,
இறங்கேக்க வருத்தக்கால் முன்னுக்கு.
மாறி வைத்த அன்று இரவு முழுக்க
முழங்கால் எனக்கு மஞ்சள் அட்டை காட்டியது.

கக்கூசில் குந்த ஏலாது.
மச்சான் யூட் பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை
வாளால் வட்டமாய் அறுத்துத் தந்தான்.
விளிம்பு சரியாய் மழுங்கவில்லை.
அதைப்பற்றி இவ்வளவு போதும்.

கோயிலில் எல்லாரும் முழந்தாளிட
நான் கடைசி வாங்கில் இருந்தபடி.
முன்னால் வரிசை வரிசையாய் உள்ளங்கால்கள்:
வெடித்தது, சிவந்தது, சேறு காய்ந்தது,
ஒரு குதியில் பழைய பிளாஸ்ரர்.
நாற்பத்துமூன்று வருசமாய் நானும்
இந்த வரிசையில் ஒரு சோடியாய் இருந்திருக்கிறேன்,
பின்னால் ஆர் இருந்து பார்த்தார்களோ.

பதினாறாம் கிழமை முப்பத்தெட்டு.
"இவ்வளவுதான் வத்தும்" என்றாள் சுகிர்தா.
"மிச்சம் உங்களோடதான் இருக்கும்."

பின்னேரம் மைதானத்துக்குப் போனேன்,
விசில் இல்லாமல்.
சிவப்பு அட்டை வாங்கின பெடியன்
பயிற்சியை விட்டுவிட்டு வந்தான்.
சுகமோ என்று கேட்கவில்லை.
"அண்டைக்கு அது பவுல் இல்லை, றெபறி."
"பவுல்தான்."
"நான் பந்தைத்தான் அடிச்சனான்."
"பந்துக்கு முதல் அவன்ர காலை."
அவனும் விடவில்லை, நானும் விடவில்லை.
கோட்டோரமாய் வாதாடிக்கொண்டே நடந்ததில்
கோர்ணர் கொடி வரைக்கும் போய்விட்டோம்.

திரும்பி வரத்தான் நொந்தது.