ஆண்டறிக்கை

டுலூத் கல்லூரி, மார்ச்.
படிவத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
இவ்வாண்டுப் படைப்புகள், எண்ணிக்கையில்.

வெர்னா டோர்க்கெல்சன் எழுதினாள்:
ஒரு சாம்பல் நிறம்.

நூற்றுப்பதினான்கு மாணவர் கோப்புகள், இரண்டு குழுக்கள்,
அடைத்துக்கொண்ட தொட்டியிலிருந்து
அவளே தோண்டியெடுத்த களிமண்:
இவற்றுக்கு வேறு பக்கம் இருக்கிறது.
காரைப் பனியில் நிறுத்திவிட்டு
இரவுகளில் கராஜில் குழைத்தது
இது ஒன்றுதான்.
உறைந்த ஏரிக்குக் காலை ஏழு மணிக்கு
இருக்கும் நிறம்.
கொஞ்சம் நீலம். துருவும் கொஞ்சம்.

டீன் திருப்பியனுப்பினார்:
அளவு? காட்சிக்கு வைத்த இடம்?

பதில் எழுத உட்கார்ந்த வியாழனன்று
இரும்புத்தாது ஏற்ற வரும் முதல் கப்பல்
பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு வந்தது.
ஜன்னலில் நின்றாள், வெகுநேரம்.
பிளவுக்குள் தெரிந்தது கறுப்பு அல்ல.

'ஒரு' என்பதன் மேல் கோடு போட்டாள்.
அந்த இடத்தில் என்ன எழுதுவது?
வகுப்புக்கு வேறு நேரமாகிவிட்டது.