எதிர்ப்பு: ஒன்று

ஈசூன் சமூக மன்றம், இரண்டாம் மாடி.
ஏசி பதினெட்டில்.
வருகைப் பதிவேட்டில் நாற்பத்தெட்டுக் கையொப்பம்,
ஓரத்தில் கறிபஃப் எண்ணெய்.

ஐந்தாம் பொருள்:
ஊழியர்களுக்கான ஞாயிறு ஆங்கில வகுப்பை நிறுத்துவது,
சங்க அறையை வாடகைக்கு விடுவது.
முன்மொழிந்தவர் திரு. இன்பசாகரன்.
வழிமொழிந்தவர் யாரென்று இரண்டு முறை கேட்டு,
மூன்றாம் வரிசையில் எழுந்த ஒரு செருமலுக்குப்
பெயர் கண்டுபிடித்தேன்: திரு. ஜமாலுதீன்.

கைகள் உயர்ந்தன.
பேனா முனையைக் காற்றில் நகர்த்தி எண்ணினேன்.
மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யப் போன ஒரு கையிடம்
"ஐயா, அது வாக்கா?" என்று கேட்க வேண்டியிருந்தது.
வாக்குதான் என்றார், சற்று யோசித்து.
ஆதரவு நாற்பத்து மூன்று.
என் கையும் சேர்த்து. சங்கத்தின் வங்கிக் கணக்கை
மாதாமாதம் பார்க்கிறவள் நான்.

நடுநிலை மூன்று.
எதிர்ப்பு
கடைசி வரிசையில் ஒரு கை.
நான் எழுதி முடிக்கும்வரை
முழங்கை மடங்கவில்லை.

நாற்பத்தேழு. இன்னொருவர்
பீஹூன் பொட்டலங்களை வாங்கக் கீழே போயிருந்தார்.
அதையும் குறித்தேன்.

தலைவர் என் பக்கம் சாய்ந்தார்.
"ஒண்ணுதானேம்மா,
ஏகமனதாகன்னு போட்டுடுங்க. பாக்க நல்லா இருக்கும்."
கண்ணாலும் ஒரு குறிப்புக் காட்டினார்.
என் மடியில் இருந்தது வேறு குறிப்பு.

ஏகமனது!
மணி ஒன்றரைக்கு அந்த அறையில்
பசி வேண்டுமானால் ஏகமனதாக இருந்திருக்கும்.

ரயிலில் காத்திப் தாண்டும்வரை
கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.
வீட்டில், அரிசி வேகும்போது தட்டச்சு செய்தேன்:
எதிர்ப்பு ஒன்று. திருமதி பவளம்.
பெயரோடு பதியும்படி கேட்டுக்கொண்டார்.

அவர் கட்சியில் நான் இல்லை.
அந்த வகுப்பு மூடப்பட்டதில்
எனக்கும் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு உண்டு.
அந்த ஒன்றை விழுங்கிவிட்டால்
என் பங்கு எவ்வளவென்று
யாருக்கும் தெரியாமல் போகும்,
எனக்கும்.

மறு ஆண்டு. சங்க அறையில் ஸும்பா.
சமூக மன்றத்தில் அதே ஏசி.
சென்ற கூட்டக் குறிப்பில்
திருத்தம் ஏதும் உண்டா என்றார் தலைவர்.
கடைசி வரிசையில் அதே கை.
நான் அவசரமாக எண்களைப் புரட்டினேன்.

"கணக்கெல்லாம் சரி," என்றார்.
"என் பெயரில் வருவது ழ.
நீங்க ள போட்டிருக்கீங்க."

பவழம்.
அடித்து, மேலே எழுதி, சுருக்கொப்பமிட்டு,
திருத்தத்தை வாக்குக்கு விட்டோம்.
ஒருமுறை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
பீஹூனுக்குக்கூட யாரும் கீழே போகவில்லை.
ஏகமனதாக.